ஓட்டின் மேல் கிடந்த ட்ரோன்

“காலையில் உங்கள் வீட்டில் ஓடுவது என்ன இயந்திரம்?” மாடிப்படியில் என்னை நிறுத்தி ஃபிராவ் லெமான் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் பெண்மணி. ஹாம்பர்க்கில் பொழுது நன்றாக விடியும்வரை சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, வாக்குவம் கிளீனர் ஓட்டக்கூடாது. நான் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தையல் தொழில் செய்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் “மஷீன் எதுவும் இல்லை, மைனே ஃபமீலியே” என்றேன். என் குடும்பம் என்று அர்த்தம். அவர் முகம் இன்னும் இறுகியது. “குடும்பமா? வீட்டில் நீங்கள் இரண்டு பேர் என்றல்லவா நினைத்தேன்? எத்தனை பேர் தங்கியிருக்கிறீர்கள்?” நான் சிரித்து மழுப்பிவிட்டு மேலே ஏறி வந்தேன். அன்று முழுதும் அலுவலகத்தில், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அது விசைத்தறிச் சத்தம். கோயம்புத்தூர்ப் பக்கம் சோமனூரில் எங்கள் வீட்டையும் தறிக்குடோனையும் பிரிப்பது ஒரே ஒரு சுவர்தான். வேலைக்குக் கிளம்புமுன் என் மகள் இனியாவோடு வீடியோ காலில் பேசுவேன். அவள் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று போனோடு ஸ்பீக்கரை இணைத்து வைத்திருந்தேன். அவள் குரலோடு தறிகளும் சேர்ந்து ஃபிராவ் லெமானின் படுக்கையறைக்குள் இறங்கியிருக்கின்றன. அந்தச் சத்தம் எனக்குக் கேட்பதே இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதில் தலை வலித்தது, பிறகு பழகிவிட்டது.

இனியாவுக்கு வயது ஐந்து. என் கணவருக்கும் எனக்கும் இங்கே வேலை கிடைத்தபோது, வீடு அமையட்டும், கிண்டர்கார்டனில் இடம் கிடைக்கட்டும், ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று என் கணவருடைய அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அந்த ஆறு மாதம் நீண்டுகொண்டே போய்விட்டது. அண்ணன் மனைவி சாந்தாமணி அக்காதான் அவளுக்குச் சோறு ஊட்டுகிறார், தலை பின்னிவிடுகிறார், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்கிறார். அக்காவைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஒரு குறையாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறந்தநாளுக்கு இனியாவுக்கு ஒரு பொம்மை ட்ரோன் அனுப்பினேன். ஊருக்குப் போன ஒரு நண்பர் கையில் கொடுத்துவிட்டேன். “அம்மா வந்த அப்பறம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பறக்கவிடணும், அதுவரைக்கும் பெட்டியத் தொறக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தேன். அவளும் தலையாட்டினாள். முதல் எழுத்து எழுதியது, முதல் பல் விழுந்தது, பள்ளிக்கூடத்தின் முதல் நாள் எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். இந்த ஒன்றாவது என் கையால் நடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். “பெட்டி பத்திரமா இருக்குதா?” என்று கேட்கும்போதெல்லாம், “பீரோல இருக்குதுங்கம்மா” என்பாள்.

போன மாதம் ஒரு காலை. இனியா வந்து திரையில் உட்கார்ந்தாள். என்னவோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. தறி ஓடவில்லை. தறி வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வேலை நாளில், பகல் நேரத்தில், ஒரு தறிகூட ஓடாமல் இருந்தால் ஒன்று கரண்ட் இருக்காது, இல்லாவிட்டால் துக்கம். என் மாமனார் தவறியபோதுதான் அந்த வீட்டில் அப்படியொரு அமைதியைக் கேட்டிருக்கிறேன்.

“தறி ஏன் கண்ணு ஓடலை?”

“கரண்ட் இல்லீங்கம்மா.”

அவள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. “அப்ப ஃபேன் எப்படிச் சுத்துது?”

இனியா அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அது காத்துக்குச் சுத்துதுங்க.”

வேறு நாளாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். “பெரிம்மா எங்க?” என்றேன். “மேல” என்றாள். “மேலேன்னா?” உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொன்னேன். போகமாட்டேன் என்றாள். என் குரல் உயர்ந்ததும் பயந்து எழுந்து ஓடினாள். வாசலிலிருந்து என் கணவரின் அண்ணன் சத்தம் போடுவது கேட்டது. “அட சாமி, உன்னைய என்ன சொல்லி உட்டேன்? அக்கட்டால போயி பேசு! உங்கம்மாளுக்குக் காட்டாத!”

அதற்குள் நான் பார்த்துவிட்டேன். தறிக்குடோன் ஓட்டின் மேல், நைட்டியின் மேல் போட்ட துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தேங்காய் பறிக்கும் தொரட்டியைப் பிடித்தபடி சாந்தாமணி அக்கா குந்தியிருந்தார். அவருக்கு எட்டாத தூரத்தில், முகட்டோரம், வெள்ளையாக என் ட்ரோன். ஓடு சரிந்து ஓடுகிற தறியில் விழுந்தால் பாவு நூல் அத்தனையும் அறுந்துபோகும் என்று தறிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பொம்மைக்காக மொத்தக் குடோனும் நின்றிருக்கிறது.

“எடுத்துப்போட்டேன், எடுத்துப்போட்டேன்” என்று அக்கா தொரட்டியை நீட்டினார். அவர் காலடியில் ஓடு ஒன்று நழுவியது. அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

“பெரிம்மா! எறங்கு! எனக்கு அது வேண்டாம், நீ எறங்கு!”

இனியா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. போன் கீழே விழுந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வானம் மட்டும். ஓடுகிற சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. “என்னாச்சு? யாராவது போனை எடுங்க!” என்று ஹாம்பர்க் சமையலறையில் நின்று நான் கத்தினேன். யாரும் எடுக்கவில்லை. அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். இதைச் சொல்லாவிட்டால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். ஆனால் அடுத்த நொடியே வேறு ஒன்றும் வந்துவிட்டது. நான் கிளம்பிய நாளில், கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில், இவள் எனக்காக இப்படிக் கத்தவில்லை. அக்காவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, சொல்லிக்கொடுத்தபடி கையாட்டினாள். சமத்து என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும்தான்.

போனை எடுத்தது இனியாதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “பயந்துட்டீங்களாம்மா? ஒண்ணுமில்லீங்க. பெரிம்மா எறங்கிட்டா” என்றாள். என்னை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலச் சமாதானப்படுத்தினாள்.

பிறகு அக்கா வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. கையில் ட்ரோன், ஒரு இறக்கை மட்டும் உடைந்திருந்தது. “தப்பா நெனைக்காதீங்க அம்மணி. புள்ள அந்தப் பெட்டியத் தெனமும் எடுத்து எடுத்துப் பாக்கும். மனசு கேக்காம நாந்தான் பிரிச்சுப்போட்டேன். ரெண்டு நாளா மேலேயே கெடந்துச்சு, உங்களுக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவீங்கன்னு சொல்லலை.”

“பரவால்லீங்க அக்கா. அதுக்காக நீங்க ஏறணுமா? கீழ உழுந்திருந்தா?”

“அட, நான் என்ன ஓடு ஏறாதவளா? இதைய ஒட்டிப் பெட்டியில வெச்சு, டேப்பு போட்டுடறனுங்க. நீங்க வந்ததும் மொதல்ல இருந்து பறக்க உடலாம். தெரியாத மாதிரியே இருக்கோணும்னு புள்ளைக்கும் சொல்லி வெச்சிருக்கறேன். அது நல்லாத்தான் நடிக்கும்.” சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். இனியாவும் சிரித்தாள். இரண்டு பேரின் சிரிப்பும் ஒரே மாதிரி இருந்தது.

அன்று வேலைக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. எனக்காக ஒரு முதல் தடவையைத் தயார்செய்து, டேப் ஒட்டி வைக்க இருந்தார்கள். அன்று என் கண்ணில் படாமல் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன், சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த நல்ல மனசுதான் என்னை அரிக்கிறது. அக்கா கெட்டவராக இருந்தால் பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். இப்படி நினைப்பதே பாவமோ என்றும் தோன்றுகிறது. என் பிள்ளைக்காக ஓட்டின் மேல் ஏறியவர் மேல் எனக்குப் பொறாமை. அந்தத் தொரட்டி என் கையில் இருந்திருக்க வேண்டும் என்று பொறாமை. நான் ஏறியிருந்தால் பாதி ஏணியிலேயே நடுங்கியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது கிண்டர்கார்டனில் இடம் கிடைத்துவிட்டது. ஆடி பிறப்பதற்குள் போய் இனியாவை அழைத்துவரப் போகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. அக்காவிடம் சொன்னபோது, “பெத்தவகிட்ட இருக்கறதுதானுங்களே மொறை” என்றார். அதற்குப் பிறகு சில நாட்களாக, இனியாவைத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுகிறார். கூப்பிட்டால் அடுப்பில் வேலை என்கிறார்.

என்னைப் போலப் பிள்ளையை விட்டுவந்து, பிறகு அழைத்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்பி ஒன்று கேட்கிறேன். இங்கே வந்த முதல் வாரத்தில் அவள் அழுவாள். பெரிம்மா வேண்டும் என்றுதான் அழுவாள். அப்போது வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுப்பதா, வேண்டாமா? கொடுக்காவிட்டால் என் பொறாமையால்தான் கொடுக்கவில்லை என்று எனக்கே தெரிந்துவிடும். கொடுத்தால், இத்தனை நாள் நான் நின்ற இடத்தில் அக்கா நிற்பார். பிள்ளை அழும், கையை நீட்டினால் திரைதான் தட்டும். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஊரில் இருந்தவர் அதை எப்படித் தாங்கினார்? நான் கிளம்புவதற்குள் எழுதுங்கள்.