மச்சான் கை நனைத்த நாள்

அக்காவுக்குப் பரிசம் போட்ட அன்று மச்சான் மூடிவிட்டுப் போன வாழையிலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. விரலால் சோற்றைக் கலைத்தாரே ஒழிய வாய்க்கு எதுவும் போகவில்லை. பாயசத்தைத் தொடவில்லை, தண்ணீர்கூட ஒரு வாய் குடிக்கவில்லை. “வயிறு சரியில்ல மாமா” என்று எழுந்துவிட்டார். பந்தி முடியும்வரை அந்த இலையை எடுக்க அய்யா விடவில்லை. எங்கள் குடும்பத்துக்கே சந்தேகம் கொஞ்சம் அதிகம். அய்யாவுக்கோ அதுதான் முதல் தொழில், மிளகாய் விவசாயம் இரண்டாவது. மிளகாய்ப் பழத்தைக் களத்தில் காயப்போட்டுவிட்டு வானத்தை முறைத்துக்கொண்டு நிற்பார். வெயிலையே நம்பாதவர் மாப்பிள்ளையை எங்கே நம்பப் போகிறார்!

மச்சானுக்கு உச்சிப்புளி பக்கம் ஊர். அவர்களும் எங்களைப் போல விவசாயக் குடும்பம்தான். குத்துச்சண்டையில் அவர் லைட்வெயிட், அதாவது அறுபது கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் அந்த எடையில் அவர் எதிரே தாக்குப்பிடித்து நிற்க ஆள் இல்லை. மதுரையில் மாநிலப் போட்டி வரவிருந்தது. அதில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று பேச்சு. வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. இதையெல்லாம் கேட்டுத்தான் அய்யா பெண் தரச் சம்மதித்தார்.

பரிசம் முடிந்த வாரம், கல்லூரி விடுமுறையில் சும்மா கிடந்த என்னை உளவு பார்க்க அனுப்பினார். “ஏலே, அங்கன போயி அவன் என்னதான் பண்றான்னு பாத்துட்டு வா.” புதுமடம் கடற்கரையில் மச்சானைப் பார்த்தேன். மண்டையைப் பிளக்கிற வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், “ஏலே பாக்சரு, மழை எங்கன பெய்யுது?” என்று கிண்டலடித்தார்கள். ஓடி முடித்ததும் புளிப்பு மிட்டாயை வாயில் போட்டு, ஊறிய எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தார். கன்னம் ஒட்டிப்போய், உதடு வெடித்திருந்தது. எனக்கே பகீரென்றது.

நான் சொன்னதைக் கேட்டு அய்யா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: “சக்கரை. இல்லாட்டி நெஞ்சுல சீக்கு. மறைச்சுக் கட்டப் பாக்குறாய்ங்க.” மச்சானே நேரில் வந்து, வேர்வையும் எச்சிலுமாக உடம்பு நீரை வெளியேற்றி எடையைக் குறைத்தால்தான் களத்தில் இறங்க விடுவார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அய்யா சிரித்துவிட்டார். “திங்காம கெடந்து ஜெயிக்கிற சண்டை எந்த ஊருல இருக்கு? நம்ம வீட்டுல கை நனைங்க, நம்புறேன்.” எங்கள் பக்கம் கை நனைப்பது வெறும் சாப்பாடு இல்லை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து வயிறார உண்டால்தான் உறவு நிற்கும். உண்ண மறுத்தால் உறவும் அத்தோடு சரி. அய்யா குறித்த நாளோ போட்டிக்கு எடை பார்ப்பதற்கு முந்தின நாள். மூன்று நாள் தள்ளிவைக்க முடியுமா என்று மச்சான் கெஞ்சினார். “எதுக்கு மூணு நாளு? மருந்து வேலை செய்யவா?” என்றார் அய்யா. உள்ளே அக்கா அழுத சத்தம் கேட்டது. மச்சானுக்கும் கேட்டிருக்க வேண்டும். “வாரேன் மாமா” என்றார்.

சொன்னபடி வந்தார். கறிக்குழம்பு, ஈரல், முட்டை, ரசம். அய்யாவே பரிமாறினார், ஒவ்வொரு கவளமும் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே. பல நாள் காய்ந்த வயிறு. முதலில் தயங்கித் தயங்கித்தான் சாப்பிட்டார். பிறகு வேகம் வந்துவிட்டது. இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தார். அப்போதும் அய்யாவுக்கு ஆறவில்லை. மச்சான் மதுரைக்குக் கிளம்பியதும் என்னையும் கூடவே பஸ் ஏற்றிவிட்டார். “வழியில வாந்தி எடுக்குறானான்னு பாரு.”

பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மச்சான் இறங்கிக் கட்டணக் கழிப்பறைப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தொட்டி ஓரமாக, விரலை உதட்டருகே கொண்டுபோனபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். “பயப்படாத மாப்ள. எல்லாம் உள்ளதான் இருக்கு. உங்க அய்யா கையால போட்டத வெளிய எடுத்துட்டா, அப்புறம் அது கை நனைச்சதா ஆகுமா?” என்றார்.

மறுநாள் விடியும் முன்பே எழுந்து மழைக்கோட்டோடு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். எடை பார்க்கும் மேடையில் ஏறியபோது தராசு அறுபதைத் தாண்டி நின்றது. ஜட்டியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு ஏறினார். அப்போதும் கால் கிலோ கூடுதல். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒரு குத்துக்கூட விடாமல் அவருடைய குத்துச்சண்டை அங்கே முடிந்துபோனது. சண்டைக்குக் கையில் சுற்றக் கொண்டுவந்திருந்த துணியை அவர் மடித்துப் பைக்குள் வைத்த மாதிரியை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அய்யா ஒன்றைத்தான் கேட்டார். “கூடுச்சா? கொறையலையே?” கூடியது என்றேன். “அப்ப சீக்கு கீக்கு ஒண்ணும் இல்ல!” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கிளம்பிவிட்டார்.

அரசு வேலை வரவில்லை. மச்சான் இன்று மிளகாயும் பருத்தியும் போடுகிறார், தொந்தி விழுந்துவிட்டது. தன் வீட்டுச் சாப்பாட்டால்தான் மாப்பிள்ளை தேறினார் என்று கடைசிவரை நம்பியபடியே அய்யா போய்ச் சேர்ந்தார். அவர் போனபின் அந்தச் சந்தேகப் புத்தி என்னைப் பிடித்துக்கொண்டது. எதிராளி பலசாலி என்று பயந்து, எங்கள் வீட்டுக் கறிச்சோற்றை மச்சான் சாக்காக்கிக்கொண்டாரோ? பல வருடம் இதை மனசுக்குள் போட்டு உருட்டிவிட்டு, போன பொங்கலுக்குக் கேட்டேவிட்டேன்: “மச்சான், அன்னைக்கு எடை சரியா இருந்திருந்தா ஜெயிச்சிருப்பியளா?”

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அக்கா உள்ளே எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, “ஜெயிச்சிருப்பேன் மாப்ள” என்றார்.