அம்மா பெயர் கேட்ட வேண்டுதல்

இந்த வெளிநாட்டில் நான் குடியிருக்கும் கிளேட்டனிலிருந்து பஸ் பிடித்துத் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கீமோவுக்குப் போவேன். பக்கத்து நாற்காலியில் என் வயசுப் பெண் ஒருத்தி. யூதர், பள்ளிக்கூட டீச்சர். அவளைச் சுற்றி எப்போதும் ரெண்டு பேர் இருப்பார்கள். என் பக்கத்தில் என் கைப்பை. ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை, ஊரில் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அம்மாவோடு பேசி நாலு வருஷம். விவாகரத்து என்றதும், “தாலியைக் கழட்டிட்டு இந்த வாசப்படி மிதிக்காதே” என்றாள். நானும் வீம்புக்கு மிதிக்கவில்லை.

ஒருநாள் அந்த டீச்சர், “சனிக்கிழமை எங்கள் ஜெபக்கூடத்தில் நோயாளிகளுக்காக வேண்டுவோம். உன் பெயரையும் சொல்லட்டுமா?” என்றாள். அர்ச்சனைதானே என்று பெயர், ராசி, நட்சத்திரம் எல்லாம் ஒப்பித்தேன். சிரித்துவிட்டாள்.

“நட்சத்திரம் வேண்டாம். அம்மா பெயர் சொல்லு.”

“பாஸ்போர்ட்டில் என் பெயரோடு அப்பா பெயர்தான் ஒட்டியிருக்கு. அது போதாதா?”

“இந்த வேண்டுதலில் இன்ன தாயின் பிள்ளை என்றுதான் சொல்வோம். ஆன்மாவும் குணமாகணும், உடம்பும் குணமாகணும் என்று கேட்போம். ஆன்மாதான் முதலில்.”

எனக்குச் சுருக்கென்றது. “கட்டி மார்பில்தான். ஆன்மாவுக்கு ஒரு கேடும் இல்லை” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை அவளே சொன்னாள்: “உன் பெயரைச் சொன்னேன். இன்னாரின் மகள் என்கிற இடத்தில் நின்றுவிட்டேன். எல்லாரும் காத்திருந்தார்கள்.” குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாத அத்தனை பேர் முன்னால் நான் அநாதையாய் நின்றது போல இருந்தது. பஸ்ஸில் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு மெசேஜ் அடிக்க உட்கார்ந்தால், கிரகச்சாரம், எந்தப் பெயரை எழுதுவது? ரேஷன் கார்டில் ஒன்று, சொந்தக்காரர் வாயில் ஒன்று. ஜாதகத்தில் வேறு ஏதோ உண்டு என்று கேள்வி. வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

“அம்மா, உன் ஜாதகப் பேர் என்ன?” எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

சொன்னாள். உடனே, “எதுக்குடி?” என்றாள்.

“இங்க ஒருத்தங்க அவங்க கோயில்ல வேண்டிக்கறாங்க. உடம்பு முடியாதவங்களோட அம்மா பேர் வேணுமாம்.”

“யாருக்குடி முடியல?”

“எனக்குத்தாம்மா.”



“பேர் மட்டும் போதுமாடி? நான் வர வேண்டாமா?”

“வாம்மா” என்றேன். அவளிடம் பாஸ்போர்ட்டே கிடையாது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.