நான் எழுதாத நாலு பக்கம்

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது மொத்தம் ஒன்றரை வருஷம். அதற்கு மேல் உட்கார வீட்டு நிலைமை விடவில்லை. அந்த ஒன்றரை வருஷப் படிப்பை வைத்துக்கொண்டு இந்தக் கல்கத்தாவில் நான் என்னென்ன செய்தேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் கூலியாக நுழைந்து, கூட்ஸ் வண்டிகளின் நம்பரைப் பார்த்து எழுதும் குமாஸ்தாவாக உயர்ந்தேன். கடுகெண்ணெய் வாடைக்குச் சோறு இறங்காமல் இளைத்துக் கிடந்த நம் ஆட்களுக்காக பாலிகஞ்சில் ஒரு மெஸ் வைத்தேன். ரயில் கார்டுகளைச் சிநேகம் பிடித்து, மதராஸ் பக்கமிருந்து புளியும், ஈரச் சாக்கில் சுற்றிய கருவேப்பிலைக் கன்றும் வரவழைத்தேன். இன்று பாலிகஞ்சில் எந்தத் தமிழ் வீட்டுக் கொல்லையில் கருவேப்பிலை நின்றாலும் அதன் தாய் என் வீட்டு மரம்தான். பிணம் தூக்க நாலு தோள் கிடைக்காத ஊரில், சொல்லியனுப்பினால் ஒரு மணி நேரத்தில் பதினாறு பேர் வந்து நிற்கும்படி ஏற்பாடு செய்தேன். தகரக் கூரை போட்டு ஒரு பஜனைக் கூடம் கட்டினேன். கூரைமேல் ஏறி ஆணி அடித்தவனும் நான்தான். எல்லாவற்றுக்கும் கடைசியில், கையெழுத்துப் பத்திரிகை.

இதில் ஒன்றையும் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுத்துகூட அப்படித்தான். வண்டிப் பலகையில் சாக்கட்டியால் ஊர்ப்பெயர் எழுதி எழுதி வந்த கை இது. அதனால் என் எழுத்து ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு இருக்கும். கண் மங்கியவர்கள்கூட என் பக்கத்தை மட்டும் கண்ணாடி போடாமல் படிப்பார்கள்.

பத்திரிகையை நான் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு பிரதிதான். பெரிய தாள்களை இரண்டாக மடித்து, நடுவில் கோணி ஊசியால் நானே தைப்பேன். மற்ற ஊர்களில் எல்லாம் எழுதி முடித்த பிறகு தைப்பார்களாம். நான் முதலில் தைத்துவிடுவேன். ஆளுக்கு இத்தனை பக்கம் என்று தலைப்புப் போட்டு, வெறும் புத்தகத்தை எழுதுகிறவர் வீட்டுக்கு அனுப்புவேன். உதிரித் தாளைக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், தைத்த புத்தகத்தைத் தொலைக்க மனசு வராது. எல்லோரும் எழுதி முடித்ததும் அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள். கடைசியில் ஒரு தாளை வெறுமனே விட்டிருப்பேன், படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை எழுத. ஆசிரியர் என்று பெயருக்கு ஒருவர் உண்டு. பி.ஏ. படித்த பாங்கு உத்தியோகஸ்தர், தஞ்சாவூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பிழை திருத்துவது அவர் வேலை. சித்திரைப் புதுவருஷ இதழில் முதல் நாலு பக்கம் மட்டும் என்றைக்கும் என்னுடையது. அதில் அவர் கை வைக்க மாட்டார்.

அந்த நாலு பக்கத்தில் வரப்போகும் வருஷத்தைப் பற்றி எழுதுவேன். யாருக்கு உத்தியோகம் உயரும், எந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்று அடித்துச் சொல்வேன். பாதி பலிக்கும். பலித்ததை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள், பலிக்காததை நானும் சேர்ந்து மறந்துவிடுவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வருஷம் வாய்க்கொழுப்பில் இப்படி எழுதினேன்: "வருகிற வருஷம் நம் இருபத்திரண்டு குடும்பத்தில் ஒரு தலை குறையாது. குறைந்தால் என் பேனாவைக் கங்கையில் எறிகிறேன்."

கார்த்திகையில் பெஹாலாவில் காலரா வந்தது. அங்கே நம்மவர் குடும்பம் ஒன்றுதான். சணல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இரண்டே நாளில் அந்த அம்மாள் போய்விட்டாள். சொல்லியனுப்பினேன், ஒரு மணி நேரத்தில் பதினாறு பேர் வந்து நின்றார்கள். என் ஏற்பாடு அன்றைக்குப் போல் என்றைக்கும் பிசகில்லாமல் நடந்ததில்லை.

காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து, அந்தப் பழைய இதழை எடுத்துக் கடைசித் தாளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பெஹாலாக்காரர் சித்திரையில் எழுதியிருந்தார்: "அண்ணாச்சி வாக்குப் பலிக்கட்டும். என் மனைவியும் இதையே எழுதச் சொல்கிறாள்."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், ஹௌரா மிதவைப் பாலத்தில் நடக்கும்போது பேனாவைக் கங்கையில் எறிந்தேன். யாரும் எறியச் சொல்லவில்லை. யாருக்கும் அது ஞாபகம்கூட இல்லை. நான் சொன்ன சொல், நான் எறிந்தேன். அன்றைக்கே ஆபீஸ் பேனாவை எடுத்து வண்டி நம்பர் எழுதினேன். நம்பர் எப்போதும்போல் வந்தது. சரி, எறிந்தது பேனாவைத்தான், எழுத்தை அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் புதுவருஷ இதழைத் தைத்தேன். என் பக்கத்துக்குத் தலைப்பும் போட்டேன்: "புது வருஷத்திடம் நான் கேட்பது." என் எழுத்துக்கு அது அரைப் பக்கம் பிடித்தது. அதற்குக் கீழே ஒரு சொல் வரவில்லை. சரி, மற்றவர்கள் எழுதட்டும் என்று புத்தகத்தை அனுப்பினேன். எல்லோரும் எழுதி, பங்குனி பிறக்கும்போதே என்னிடமே திரும்பி வந்துவிட்டது.

அதன் பிறகு நான் பட்டதை எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். யார்டில் காலி வண்டிப் பலகையில் சாக்கட்டியால் "புது வருஷம்" என்று எழுதி, அடுத்த சொல் தானாக வருகிறதா என்று பார்த்தேன். அந்த வண்டி கரக்பூர் போய்விட்டது. எதிர்வீட்டு வங்காளத்து அம்மாள், நாங்கள் மாஷி என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்றாள், வேப்பங்கொழுந்தும் கத்தரிக்காயும் வறுத்துக் கொடுத்தனுப்பினாள். தின்றேன். காளிகாட்டுக்கு நடந்து போய்க் கும்பிட்டேன். நல்லது நடக்கும் என்று எழுதப் போனால் பெஹாலா அம்மாளின் முகம் வந்து நின்றது. கெட்டதை எழுத நான் யார்? நடுவில் எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவனாக இருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. முதல் தடவையாக, நான் படிக்காதவன் என்று எனக்கே தோன்றியது அப்போதுதான். இத்தனையும் கட்டியது வெறும் வாய்வீச்சுத்தானோ, உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று பயம் வந்துவிட்டது. யார்டில் வண்டிகளுக்கு நடுவே நின்று, யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, அழுதும் இருக்கிறேன்.

என் மனைவி ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அரிசி களைந்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்:

"உங்க வாக்கு பொய்யாப் போச்சுன்னு இந்த ஊர்ல யாரு வந்து கேட்டா? நீங்களேதான் கேக்குதீங்க, நீங்களேதான் முழிக்குதீங்க."

வருஷப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஆசிரியர் வந்தார். புத்தகத்தைத் திறந்தார், என் பக்கத்தைப் பார்த்தார், மூடினார்.

"தலைப்பே அரைப் பக்கம் வந்துடுத்து. பாக்கி மூணரைப் பக்கத்துக்கா இத்தனை யோசனை, அண்ணாச்சி?"

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரியும். தைத்தவன் நான்தானே. என் இரண்டு தாளின் மறுபாதி புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது. ஒன்றில் அபிப்பிராயத்துக்கு விட்ட இடம், இன்னொன்றில் வருஷப் பிறப்பன்று பஜனைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டிய பஞ்சாங்கப் பலன். முன்னால் கிழித்தால் பின்னால் உதிரும். என் கெட்டிக்காரத்தனம் என்னையே கட்டிப் போட்டுவிட்டது.

வருஷப் பிறப்பன்று அவர் புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறந்து பஞ்சாங்கப் பலன் வாசித்தார். மழை இத்தனை, விளைச்சல் இத்தனை. முன்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. முடிந்ததும் என் கையில் கொடுத்து, நாளைக்குள் முடித்துவிடும்படி மெதுவாகச் சொன்னார். வேப்பம்பூப் பச்சடி அன்றைக்கு எனக்குக் கசப்பும் தெரியவில்லை, வெல்லமும் தெரியவில்லை.

"நம்ம வருசம் போனா என்ன? மாஷி வீட்டு வருசம் நாளைக்குத்தான பொறக்குது. அதுக்கு எழுதுங்க" என்றாள் மனைவி. கேலிதான். ஆனால் மூழ்குகிறவனுக்குத் துரும்பு. வங்காளிகளுக்கு நமக்கு மறுநாள் புது வருஷம். அந்த ஒரு நாளையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் புதுப் புடவை கட்டி, ரசகுல்லா கொடுத்தனுப்பினார்கள். பாகு சொட்டி என் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறை விழுந்தது. அந்த நாலு பக்கத்தில் தலைப்புக்குக் கீழே நான் செய்த வேலை அந்தக் கறை ஒன்றுதான்.

அடுத்த நாள் புத்தகம் முதல் வீட்டுக்குப் போயாக வேண்டும். தூரமான வீட்டிலிருந்து தொடங்குவது என் ஏற்பாடு. தூரமான வீடு பெஹாலா.

நானே கொண்டுபோனேன். போகிற வழியில் இரண்டு தடவை திரும்பிவிட நினைத்தேன். பெஹாலாக்காரர் கதவைத் திறந்தார். ஒரு கையில் சீப்பு. பின்னால் இரண்டு பெண்களும் தலைவிரி கோலமாக, ஆளுக்கொரு ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. வாசல்லயே நிக்கிறீங்களே."

வேலை இருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தேன். அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. ஒரு நல்ல வார்த்தை எழுதித் தர முடியாதவன் எந்த முகத்தோடு உள்ளே போய் உட்காருவது?

இருபத்திரண்டு வீடும் சுற்றிப் புத்தகம் திரும்பி வர வைகாசி கடைசி ஆகிவிட்டது. அதுவரை யாராவது வந்து, ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. நான் எழுதாததை யாருமே கவனிக்கவில்லையா?

புத்தகம் வந்ததும் திறந்தேன். நாலு பக்கமும் நிறைந்திருந்தது.

என் தலைப்புக்குக் கீழே முதலில் பெஹாலாக்காரர் கையெழுத்து. கடைசியில் அபிப்பிராயத்துக்கு வெற்றிடம் விட்டுப் பழக்கப்படுத்தியவன் நான். இந்த வருஷம் முன்னாலும் விட்டிருக்கிறார்கள், நாம் எழுதத்தான் என்று அவர் நினைத்துவிட்டார். ஒரே வரி: "பெண்களுக்குத் தலை பின்ன எனக்கு வர வேண்டும்."

அதைப் பார்த்து அடுத்த வீட்டார் எழுதியிருந்தார்கள், அவர்களைப் பார்த்து அதற்கடுத்த வீட்டார். ஒருவர் ரங்கூனுக்கு மாற்றல் வரக் கூடாது என்று கேட்டிருந்தார். ஒரு கிழவர், தெருவில் யாராவது ஒரு காய்கறிக்காரன் தமிழில் கூவ வேண்டும் என்று கேட்டிருந்தார். புதிதாக வந்த மருமகள் ஒருத்தி, "மாமியார் படிக்க மாட்டார் என்று நம்பி எழுதுகிறேன், ஒரு தடவை ஊருக்குப் போய்வர வேண்டும்" என்று எழுத, அதன் கீழேயே வேறு மையில், "படித்தேன். ஆடிக்குப் போய் வா." ரசகுல்லாக் கறையைச் சுற்றிக்கூட யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் போட்டிருந்த இரண்டு நாளும் நான் புத்தகத்தைத் தொடவில்லை, அப்போது எனக்குத் தெரியாமல் என் மனைவியும் எழுதியிருக்கிறாள்: "இவர் பழையபடி எழுத வேண்டும்."

கடைசித் தாளில் அபிப்பிராயம் முழுக்கப் புகழ்ச்சி. அந்த மாதப் பஜனையில் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் ஆசிரியரின் முதுகில் தட்டினார்.

"பக்கத்தைக் காலியா விட்டுப் படிக்கிறவங்களையே எழுத வச்சுட்டீரே. என்ன இருந்தாலும் பி.ஏ. மூளை பி.ஏ. மூளைதான்."

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் திருடவில்லை. நான் சொல்வதற்கு இடம் கொடுத்தார், நன்றாகவே காத்திருந்தார். சொல்ல வேண்டுமானால், எனக்கு எழுத வரவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். நான் தலையைத் தூக்கி, நான் அடித்த தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏதோ தோணித்து" என்றார் அவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சித்திரை இதழிலும் முதல் நாலு பக்கம் காலியாகத்தான் போகிறது. பக்கம் என்னை விட்டுப் போய்விட்டது. மனைவி கேட்டதும் நடக்கவில்லை. மற்றதெல்லாம் எழுதுகிறேன், இதோ இதைக்கூட எழுதுகிறேன். புது வருஷத்தைப் பற்றி மட்டும் இன்று வரை ஒரு வரி வரவில்லை. தலைப்பைப் போட்டவன் நான், அதன் கீழே ஊரே எழுதுகிறது, என் கை மட்டும் நிற்கிறது.

இப்போது பஜனைக் கூடத்தில் கூடும் நம் தமிழர் சபையின் மலர் அச்சில் வரப்போகிறது. அதற்கு எழுதி வைத்திருக்கும் சரித்திரத்தைக் காட்டினார்கள். மெஸ்ஸும் பஜனைக் கூடமும் "அன்பர்கள் சிலரால்" வந்தனவாம். போகட்டும், தகரத்தில் என் பெயரை நான் அடித்து வைக்கவில்லை. அடுத்த வரியை மட்டும் விட மாட்டேன். புது வருஷப் பக்கங்களை வாசகருக்கே விட்டது ஆசிரியரின் புதிய யோசனை என்று அதில் இருக்கிறது. அது யோசனை இல்லை. ஒரு மனிதன் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுத வராமல் தவித்தது. தவித்தவன் நான்.

இன்னும் பத்து நாளில் வருஷம் பிறக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, தைத்தவன், தலைப்புப் போட்டவன், அதன் கீழே ஒன்றும் எழுத முடியாமல் போனவன் மூவரும் ஒரே ஆள், அது நான் என்று அச்சில் போடுங்கள். படிப்பில்லாதவன் என்றும் சேர்த்துப் போடுங்கள், பாதகமில்லை. பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும்.