கூரை போட மறந்த வீடு

காரைக்காலில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த காலம். கூரை வைத்த வீட்டுப் படத்தை, கை எடுக்காமல், போன கோட்டிலேயே மறுபடி போகாமல் வரையச் சொல்ல நினைத்தேன். கரும்பலகையில் சதுரமும் இரண்டு மூலைவிட்டங்களும் போட்டவன், கூரையை மறந்துவிட்டு, “வரையுங்கள்” என்றேன்.

காரைக்கால்மேட்டு மீனவக் குப்பத்து மாணவி செல்வி எழுந்தாள். “முடியாது சார். மூணு கோடு சேருற முனையிலதான் தொடங்கணும், இல்லாட்டி முடிக்கணும். இதுல அப்படி நாலு முனை இருக்கு. வலை கட்டுறப்ப இப்படி வந்தா ரெண்டு நூல் போடுவோம்.”

“மீன் நாத்தத்தை இங்கே கொண்டு வராதே!” என்றேன். வகுப்பே சிரித்தது.

எல்லோரும் போனபின் நானே வரைந்து பார்த்துத் தோற்றேன். மறுநாள் சத்தமில்லாமல் கூரையைச் சேர்த்து அவளைக் கூப்பிட்டேன். ஒரே இழுப்பில் வரைந்தாள்.

“நேத்து இந்தக் கூரை இல்லையே சார்?”

“உட்காரு” என்றேன்.

உட்கார்ந்தாள். அப்புறம் அந்த வருஷம் முழுக்க அவள் கை தூக்கவே இல்லை.