பேருந்துக்குக் காத்திராத பெண்கள்

மாநகராட்சிக்காக வீடற்றவர்களைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு. விடிவதற்குள் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து, நடைமேடையிலும் கடை வாசலிலும் படுத்திருப்பவர்களைக் கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். பெண்கள் மிகக் குறைவு என்றே ஒவ்வொரு முறையும் அறிக்கை போகும்.

அன்று வாலாஜாபாத் பேருந்து நிற்கும் இடத்தில் ஓர் அம்மா மடியில் துணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். தலைவாரிப் பூ வைத்திருந்தார். பயணி என்று கடந்துபோனேன். நான் சுற்றிவிட்டு வருவதற்குள் பேருந்து வந்து போனது, அவர் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த ஊருக்கு என்று கேட்டேன். என் அடையாள அட்டையைப் பார்த்தார்.

“எந்த ஊருக்கும் இல்லமா. படுத்தா தொந்தரவு பண்ணுவானுங்க. அதான் பூ வச்சிக்கினு பஸ்ஸுக்கு வந்த மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்.”

கணவர் இறந்தபின் வாடகை வீடு கைவிட்டுப் போனதாம். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறார். பகலில் கோயில் பக்கம் கொஞ்சம் கண்ணயர்வாராம். தன்னைப்போல இன்னும் பலர் இருப்பதாகச் சொன்னார். படுத்திருப்பவர்களை மட்டும் தேடினால் இவர்கள் எப்படி அகப்படுவார்கள்?

அலுவலகம் திறந்ததும் அதிகாரியம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அன்னதானம் நடக்கும் இடத்தில் பகலில் கணக்கெடுக்கலாம் என்றேன். சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் வீடற்றவர்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

“நேத்து ராத்திரி எங்க இருந்தீங்கன்னு கேப்போம் மேடம்.”

ஒரு நாள் செய்து பார்க்கச் சொன்னார்.

அந்த அம்மாவைக் கூலி கொடுத்துக் கூட அழைத்துப்போனேன். சின்ன காஞ்சிபுரத்தில் சாப்பிட்டு வெளியே வந்த பெண்களிடம் அவர் பேச்சுக் கொடுக்க, நான் சம்மதம் கேட்டுப் பதிந்தேன். பெயர் சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்தவில்லை. நேற்று இரவு எங்கே என்றதற்கு ஒருத்தி ரயில் நிலையம் என்றாள். இன்னொருத்தி, நோயாளிக்குத் துணை வந்தவள்போல ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாளாம். நான் சாப்பிடவே மறந்துபோனேன்.

சாயங்காலம் பதிவுகளைப் பார்த்த அதிகாரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மறுநாளே மேலிடத்துக்கு எழுதினார். அந்தக் கேள்வி செயலியில் நிரந்தரமாகச் சேர்ந்தது. சில மாதங்களில் பெண்களுக்கென்று தனி விடுதியும் திறந்தது.

முதல் நாள் அந்த அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். அறைக்குள் நுழைந்ததும் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். நான் சந்தோஷத்தில் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன்.

“நீ கெளம்புமா,” என்றார் சிரித்துக்கொண்டே, “நான் தூங்கணும்.”