தங்கப்பழம் அணைத்த கற்பூரம்

மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கரிசலில் தங்கப்பழத்துக்கு இரண்டரை ஏக்கர் புஞ்சை. பருத்தி போடுவார், சோளம் போடுவார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷனை ஊரே பொய்யன் என்றது. அதில் எனக்கும் பங்குண்டு. கேட்டுவிட்டு ஏசுகிறவர்கள் தாராளமாக ஏசட்டும்.

அந்தப் புஞ்சைக்கு ரோட்டிலிருந்து நேராக வழி கிடையாது. இடையில் சண்முகையாவின் நிலம், அதன் ஓரத்தில் ஒரு வண்டிப்பாதை. எழுபத்திநாலில் சண்முகையா கிணறு வெட்டி மோட்டார் வைத்தார். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை நல்ல விலைக்குப் போகிறது என்று யாரோ ஓதிவிட, நிலம் முழுக்கக் கன்று நட்டார். பாதையையும் விட்டுவைக்கவில்லை. முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார்.

"எங்கப்பா பாவம் பாத்து வண்டிய விட்டாரு. அதுக்காவ நான் காலம்பூரா விடணுமா? நடந்து போகட்டும், யாரு வேண்டாங்கா?" என்றார் சண்முகையா.

நடந்து போவதாம்! எருவும் பருத்தி மூட்டையும் நடந்தா போகும்? வண்டி போகாத புஞ்சையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"பாவமும் பாக்கல, புண்ணியமும் பாக்கல," என்றார் தங்கப்பழம். "பாதைக்கு ஈடா எங்கப்பா கீழ்மூலையில அஞ்சு சென்ட் விட்டுக்குடுத்தாரு. இன்னைக்கும் அதுல நீருதான வே உழுதீரு?"

அது சத்தியமான பேச்சு. இரண்டு பேருடைய அப்பாக்களும் அந்த மூலையை அளந்த அன்று கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அப்போது எனக்குப் பதினாறு வயது. எழுத்துப் பத்திரம் எதுவும் போடவில்லை. வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மூன்று வருஷம் இழுத்தது. தங்கப்பழம் போலீசுக்குப் போனார், தாசில்தாருக்கு மனு கொடுத்தார், சங்கரன்கோவில் வக்கீல் வீட்டுக்கு நடையாய் நடந்தார். எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: எழுத்து உண்டா? கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள்.

"அளந்ததப் பாத்தவன் எவனும் உண்டாலே?" என்று கேட்டார் நாட்டாமை.

தங்கப்பழம் என்னைப் பார்த்தார். அந்த வருஷத் தையிலிருந்துதான் சண்முகையாவின் மோட்டார்த் தண்ணீர் என் மிளகாய்த் தோட்டத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். தூ, நானும் ஒரு மனுஷன்!

சாட்சி இல்லாத வழக்கு எங்கள் ஊரில் சுடலைமாடன் பீடத்துக்குப் போகும். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பிறகு நாற்பத்தோரு நாள் கெடு. அதற்குள் அந்த வீட்டில் ஆளோ மாடோ விழுந்தால் பொய்ச் சத்தியம். விழாவிட்டால் பாதை திறக்கும்.

தங்கப்பழம் யோசிக்கவே இல்லை. போய் அணைத்துவிட்டு வந்தார்.

முப்பத்திமூன்றாம் நாள் அவருடைய வண்டி ஜோடியில் வலத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், காய்ந்து வாடிய இளஞ்சோளத்தைத் தின்றது. வாயில் நுரை தள்ளி, பொழுது சாய்வதற்குள் செத்தது. மழையில்லாமல் வாடிய சோளப்பயிர் மாட்டைக் கொல்லும் என்பது எங்கள் பக்கத்தில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு ஒருத்தனுக்கும் தெரியவில்லை. "மாடன் கேட்டுட்டான் பாத்தியா!" என்றார்கள். முள் அங்கேயே கிடந்தது.

அதன் பிறகு எட்டு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் எலுமிச்சை மரத்துக்கு மரம் குனிந்து குனிந்து தலைச்சுமையாகவே எல்லாம் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய ஒற்றை மாட்டையும் விற்றுவிட்டார்கள். அவர் மனைவி பேச்சித்தாய் வெள்ளிக்கிழமை தவறாமல் மாடனுக்கு விளக்குப் போட்டு, "தெரியாம பண்ணிட்டாரு, பொறுத்துக்கோ சாமி" என்று கும்பிடுவாள். அவர் எட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எண்பத்தைந்தில் சண்முகையாவின் கிணறு வற்றியது. எலுமிச்சை பட்டுப்போயிற்று. எனக்கும் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது, வெட்கங்கெட்ட வாய்.

தங்கப்பழமும் பேச்சித்தாயும் களத்தில் பருத்தி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் போனேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கயிறு புடிச்சது நான்தான். நீரு சொன்னது அத்தனையும் நெசம். கூட்டம் போடச் சொல்லும், நான் வந்து சொல்லுதேன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"கூட்டமா? வேண்டாம் வே. உடம்புல சத்து இல்ல. யாரு மறுபடியும் அலைய?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். ரெண்டு ஏச்சு ஏசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் மடியிலிருந்த பருத்தியைக் கீழே தட்டிவிட்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அப்பம் நீரு பொய்ச் சத்தியம் பண்ணலையா?" என்று புருஷனைக் கேட்டாள்.

தங்கப்பழம் கையிலிருந்த பருத்தியில் ஒட்டிய சருகைக் கிள்ளிப்போட்டார்.

"மாடு செத்ததுலருந்து பண்ணிட்டேன்னுதான்ட்டி நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.