மருந்தில்லாத ஊசி

நாமக்கல்லில் என் மருந்துக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையை 1982இல் வசந்தாமணி வாடகைக்கு எடுத்தாள். 'பிசியோதெரபி' என்று அவள் மாட்டிய பலகையைப் படித்த பாதிப் பேர் அதை டைப்ரைட்டிங் வகுப்பு என்று நினைத்தார்கள். மீதிப் பேர் படிக்கவே இல்லை. நாள்பட்ட தசைவலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லித் தருவதும், மெல்லிய ஊசியைத் தசைக்குள் செலுத்தி எடுப்பதும் அவள் வேலை. மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தபோது பழகிய ஊசி அது. அதில் மருந்து கிடையாது.

அதுதான் எங்கள் சனத்துக்கு ஏறவே இல்லை. தும்மல் வந்தாலும் "ஒரு ஊசி போட்டு உடுங்க" என்று கேட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள் நாங்கள். மருந்து ஏறாத ஊசியை ஏமாற்று வேலை என்று பேசிக்கொண்டார்கள். லாரி டிரைவர் செங்கோட்டையன் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏனுங்கம்மா, மருந்து தீந்துபோச்சுங்களா? வெறும் ஊசியக் குத்தறீங்க?"

"மருந்து வேணும்னா கீழ கடையில வாங்கிக்குங்க. கழுத்து திரும்போணும்னா அசையாமப் படுங்க."

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சிடுசிடுத்துக்கொண்டே மறுபடியும் மறுபடியும் வந்தார். பிறகு ஒரு நாள், கிளீனர் குரல் கொடுக்காமல், தானே தலையைத் திருப்பிப் பார்த்து லாரியைப் பின்னால் எடுத்தார். அதோடு ஊர்வாய் அடங்கியது. பட்டறைக்காரர்கள், டிரைவர்கள், ராசிபுரத்துத் தறிக்காரர்கள் என்று மாடிப்படி முழுக்க ஆட்கள். என் கடைத் தைலப் பாட்டில்களில் தூசி படிந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரத்தான் செய்தது, ஆனால் தங்கவில்லை.

அவள் வேலை செய்யும் விதம் அப்படி. வருடக்கணக்கில் ஒரே மாதிரி உழைத்த தசையில் ஓரிடம் சுண்டைக்காய் மாதிரி இறுகிப்போகும். முடிச்சு ஓரிடத்தில் இருக்கும், வலி வேறிடத்தில் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடித் தேடி அதைக் கண்டுபிடிப்பாள். ஊசி முனை பட்டதும் அந்தச் சதை தானாகத் துள்ளும், பிறகு தளரும். அந்தப் பொறுமை எனக்கு ஏழு பிறவி எடுத்தாலும் வராது.

ஆனால் அவள் சொந்த ஊரான எருமப்பட்டியில் உறவுக்காரர்கள் வேறு மாதிரி பேசினார்கள். தோட்டம் துரவோடு இருக்கிற ராசப்பன் மகள் கண்ட கண்ட ஆம்பளையின் சட்டையைக் கழற்றி முதுகைத் தடவுகிறாள் என்றார்கள். இப்படிப் பேசியவர்களை என் கையில் கொடுத்திருந்தால் நானே மருந்தில்லாமல் ஊசி போட்டிருப்பேன். பேச்சு ராசப்பன் காதுக்குப் போனது. ஒரு நாள் காலையில் அவரே என் கடைமுன் வந்து நின்றார்.

"கடைக்காரரே, புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேனுங்க. இன்னையோட ரூமைக் காலி பண்ணிரலாம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

வலது காலை இழுத்து இழுத்து அவர் படியேறியதைப் பார்த்து, விழுந்துவிடுவாரோ என்று பின்னாலேயே போனேன். படியில் காத்திருந்த டிரைவர் ஒருவர், இவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்.

அவர் வந்த காரியத்தைச் சொன்னதும் வசந்தாமணி அழுவாள், கெஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவின் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாமுங்கப்பா. கால் இன்னும் வலிக்குதுங்களா?"

அவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால் நெடுக சூடு போட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. வலிக்கிற இடத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தால் வலி ஓடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். வலி ஓடவில்லை என்றால் மறுபடியும் வைப்பார்கள்.

"வலி அங்க இல்லீங்கப்பா. இடுப்புக்குக் கீழ, பின்னால இருக்குது. கெணத்துல மாடு கட்டித் தண்ணி எறச்ச காலத்துல மாடு இழுக்கற வடக்கவுத்து மேலயே உக்காந்து மாடு ஓட்டுனீங்களே, அந்தப் பக்கம்."

ராசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "பெத்த புள்ள முன்னால வேட்டிய அவுக்கறதா? வாய மூடு."

"அவுக்க வேண்டாம். நின்னுக்கிட்டே இருங்க. துணி மேலயே ஒருக்கா அழுத்திப் பாக்கறேன். அப்புறம் சாவியக் குடுத்துட்டு உங்க கூட வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். "கடைக்காரர் கூட இருக்கட்டும்" என்றார்.

நான் கதவோரம் நின்றேன். வசந்தாமணியின் கட்டைவிரல் அவர் இடுப்புக்குக் கீழே, பின்பக்கத்தில் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நின்று அழுத்தியது. "அய்யோ" என்று அலறிய ராசப்பன் குனிந்து பிடித்துக்கொண்டது இடுப்பை அல்ல, கெண்டைக்காலில் இருந்த தழும்பை.

"இங்க அமுக்குனா அங்க எப்புடி கண்ணு வலிக்கும்?"

அவள் ஆட்களைப் படுக்கவைக்கும் மேசையைக் காட்டினாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் கடைசியில் ஏறிக் குப்புறப் படுத்தார். போர்வையை நான்தான் போர்த்தினேன். வேண்டிய இடத்தில் மட்டும் துணியை விலக்கி, சுத்தம் செய்து, ஊசியை வைத்தாள். சதை துள்ளியது. "வலிக்குதுங்களா அப்பா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திர்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வலியால்தான் என்று நினைத்தேன்.

எழுந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "இத்தன வருசமா சூடு போட்டவன் ஒருத்தனும் வலிக்குதான்னு கேக்கல கண்ணு."

"நாளைக்குக் கொஞ்சம் வலி கூடத்தான் இருக்கும். இன்னும் பல தடவ வரோணும். நான் ஊட்டுக்கு வந்துட்டா அங்கயே பண்ணலாம்" என்றாள் வசந்தாமணி. மேசை இழுப்பறையைத் திறந்து அறைச் சாவியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

ராசப்பன் அதைத் தொடவில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். கால் முன்பு அளவுக்கு இழுக்கவில்லை. கதவைத் திறந்து, சுவரோரம் நின்றிருந்த டிரைவரைக் கைநீட்டிக் கூப்பிட்டார்.

"அங்க எதுக்கு நிக்கற? சட்டையக் கழட்டிட்டு உள்ள போ சாமி. என்ற புள்ள பாக்கும்."